தண்ணிக்கு அவன் சொன்ன சொல்

இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணி. இதைக் குழைத்தால் தின்ன ஏலாது, விளையாடலாம். உப்பு இவ்வளவு கிடந்தால் பிள்ளையள் ஒருதரம் நக்கிப் பார்ப்பார்கள், இரண்டாந்தரம் நக்கமாட்டார்கள். மாவும் கெதியில் பழுதாகாது. 2016 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு ஹொட்டேல் மண்டபத்தில் நான் குழைத்த மா இது. அந்த மண்டபத்தில் கலியாணம் நடக்கிற நாளில் எங்களைத் தூக்கிப் பின்னால் ஒரு சின்ன அறைக்குள் போட்டுவிடுவார்கள். சுற்றிவரச் சிரியாவிலிருந்து வந்து இறங்கின பிள்ளையள். ஒருத்தருக்கும் ஒரு சொல் இங்கிலீஸ் தெரியாது. எனக்கு ஒரு சொல் அரபி தெரியாது.

2024 டிசம்பரில் அசாத்தின் ஆட்சி விழுந்தபோது இங்கேயும் சனம் கொடியோடு தெருவில் இறங்கினதை ரீவியில் காட்டினார்கள். நான் ரீவிக்குக் கிட்டப்போய் நின்று ஒரு முகத்தைத் தேடினேன். விசர் வேலைதான். ஒன்பது வயதில் கண்ட பெடியனை மீசை முளைத்த பிறகு எப்படிப் பிடிக்கிறது? ஆனால் அன்றைக்குத்தான் இதை எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது.

நான் ஹொட்டேலில் அறை துடைக்கிறவள். 1989 இல் கனடாவுக்கு வந்தேன். வந்த மூன்றாம் மாதம் தொடங்கின வேலை, முட்டி தேயும்வரை அதுதான். (பிள்ளையள் இருந்த ஹொட்டேல் வேறு, நான் வேலை செய்தது வேறு.) ஊரில் அம்மா ஊர்த்துணி வெளுத்தவ. கட்டாடி வீட்டுப் பெட்டை என்றுதான் எங்களைச் சொல்லுவார்கள். கடல் தாண்டி வந்தும் என் கையில் விழுந்தது விரிப்பும் துவாயும்தான். சிரிப்பு வரும். ஆனால் இங்கே அதற்குச் சம்பளம் உண்டு, சங்கம் உண்டு. ஆற்றையும் முற்றத்தில் போய்க் குனிந்து நிற்கத் தேவையில்லை.

எனக்கு இங்கிலீஸ் வந்ததும் அந்த வேலையில்தான். மேற்பார்வை செய்த போர்த்துக்கல் நாட்டு மனுசி எனக்குப் பாடம் எடுக்கவில்லை. தலையணியைத் தூக்கி என் நெஞ்சில் எறிவா: "பில்லோ!" விரிப்பின் மூலையை இழுத்துக் காட்டுவா: "புல்!" மெத்தைக்குக் கீழே செருகிக் காட்டுவா: "ரக்!" ஆறு மாதத்தில் கட்டில் விரிக்கத் தேவையான இங்கிலீஸ் முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. வாய்க்கு வரப் பின்னும் ஒரு வருசம் போனது.

இதற்குப் பெயர் உண்டு என்று பிறகுதான் அறிந்தேன். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்திருக்கிறார். கட்டளையைக் கேள், உடம்பால் செய், வாய் தானாகத் திறக்கும்வரை கதைக்கச் சொல்லி நெருக்காதே. குழந்தை தாய்மொழி பழகுகிற மாதிரி. புது மொழிக்குள் விழுந்த பிள்ளை கிழமைக்கணக்காய், சிலது மாதக்கணக்காய், வாய் திறவாமல் இருக்கும். அது மக்குத்தனம் இல்லை, உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று ரீச்சர்மார் சொல்லுவார்கள். எங்கட ஊரில் கடைசி வாங்கில் வாய் திறவாமல் இருந்த எங்கட பிள்ளையளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கனடா அரசு 2015 நவம்பருக்கும் 2016 பெப்ரவரி முடிவுக்கும் இடையில் 25,000 சிரிய அகதிகளை எடுத்தது. விமானம் விமானமாக வந்தார்கள். ரொறன்ரோவில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, அதிலும் ஆறு பிள்ளை, ஏழு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு. வீடு கிடைக்கும்வரை ஹொட்டேல். நிரந்தர விலாசம் இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறதும் தள்ளித்தள்ளிப் போனது. பிள்ளையள் தாழ்வாரத்தில் ஓடினார்கள், லிஃப்டில் ஏறி இறங்கினார்கள், பூட்டிய கதவுகளைத் தட்டினார்கள். துடைக்கிற பெண்கள் பாவம். என் கூட்டாளி ஒருத்தி அங்கே வேலை. அவள்தான், "உன்ரை லீவு நாளில வந்து இதுகளை ஒரு மணித்தியாலம் இருத்திவையன்" என்றாள். பொலிஸ் பதிவு பார்த்து, ஊசி போட்ட துண்டு பார்த்து, உள்ளே விட்டார்கள்.

என்னிடம் புத்தகம் இல்லை. இருந்தும் பயனில்லை. அதில் சில பிள்ளையள் ஒன்பது பத்து வயதுவரை பள்ளிக்கூடமே காணாதவை. 2011 இல் சண்டை தொடங்கியது, பிறகு லெபனானிலும் ஜோர்தானிலும் கூடாரம், தோட்டத்தில் உருளைக்கிழங்கு பொறுக்கல். பென்சில் பிடிக்கத் தெரியாத கை, ஆனால் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைக்கத் தெரிந்த கை. அதனால் கைக்கு வேலை கொடுப்பம் என்று தொடங்கினேன்.

முதல் விளையாட்டு உடுப்புப் பை. வெளியே குளிர் சைபருக்குக் கீழே பதினைந்து. இங்கத்தைச் சின்ன வகுப்புப் பிள்ளையள் எல்லாருக்கும் ஒரு வரிசை பழக்குவார்கள்: முதலில் பனிக்காற்சட்டை, பிறகு சப்பாத்து, பிறகு ஜக்கெற், தொப்பி, கடைசியாய்க் கையுறை. கையுறையை முதலில் போட்டால் ஜக்கெற்றின் சிப்பை இழுக்க ஏலாது. அதை நான் சொல்லவில்லை. பிழையாய்ப் போடவிட்டேன். ஒரு பெடியன் கையுறையோடு சிப்போடு மல்லுக்கட்டி, பல்லால் கடித்து, கடைசியில் விழுந்து சிரித்தான். "ஃபேர்ஸ்ற், தென், லாஸ்ற்" மூன்றும் அன்றைக்கே வந்துவிட்டது.

இரண்டாவது கடை. வெறும் ரின்னுகள், முட்டைப் பெட்டி, தேத்தண்ணிப் பெட்டி. காசுக்குக் கடதாசி. இதில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஒரு பெட்டை ரின்னுக்கு விலை எழுதினாள், வட்டமாய் ஒரு சைபர். "சும்மாவோ தாறாய்?" என்று நான் சிரிக்க, அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவர்கள் எழுதுகிற ஐந்து எங்கட சைபர் மாதிரி இருக்கும், அவர்களுடைய சைபர் வெறும் புள்ளி. நான் "பிழை" என்று அடித்திருந்தால் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?

பிறகு ஒலி. அரபியில் எங்கட "பாம்பு" என்ற சொல்லில் முதலில் வருகிற ப இல்லை, இரண்டாவதாய் வருகிற மெலிந்த ப மட்டும்தான். அதனால் பென்சிலும் பிள்ளையும் பேப்பரும் எல்லாம் பாம்பின் வால் மாதிரியே வரும். எங்கட சிக்கல் வேறு மாதிரி. எங்களுக்கு இரண்டு ஒலியும் உண்டு, எழுத்து ஒன்றுதான். பூங்காவுக்குச் சொல்லுகிற இங்கிலீஸ் சொல்லையும் நாய் குரைப்பதற்குச் சொல்லுகிற சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் "பார்க்". முப்பது வருசமாகியும் அவசரத்தில் எனக்கு இது மாறி விழும். பிள்ளையளிடம் இதைச் சொன்னேன். மெல்லிய கடதாசியை வாய்க்கு முன்னால் பிடித்து, கடதாசி ஆடினால் சரி, ஆடாவிட்டால் பிழை என்று ஊதி ஊதிப் பழகினோம். ரீச்சரும் பிழைவிடுகிறாள் என்றதில் அதுகளுக்குக் கொண்டாட்டம்.

ஒருத்தனுக்கு மட்டும் முதல் நாளே கடதாசி ஆடியது.

அவனுக்கு ஒன்பது வயது. மற்றப் பிள்ளையளைவிடக் கறுப்பு. எங்கட பெடியன் என்றே சொல்லலாம். எப்போதும் கதவடியில் நிற்பான். ப சுத்தமாய் வந்ததால் குர்தியப் பிள்ளையாக்கும் என்று நினைத்தேன், குர்தி மொழியில் அந்த ஒலி உண்டு. மா குழைக்கிற நாள், மா காய்ந்து உதிர்ந்துபோக, அவன் கையை நீட்டி என்னிடம் கேட்டான்: "பானி."

எனக்கு விளங்கிவிட்டது. ஹிந்திப் படம் பார்த்தவர்களுக்கு விளங்காதா? நான் தண்ணி ஊற்றினேன். ஊற்றினபிறகுதான் திடுக்கிட்டேன், அலெப்போவிலிருந்து வந்த பிள்ளை எப்படி "பானி" என்கிறது? அதற்குள் பக்கத்தில் ஒரு சிரிப்பு. ஒரு பெரிய பெடியன் ஒரு சொல்லைச் சொன்னான். மற்றதுகளும் சொல்லிச் சிரித்தன. "நவர்." மொழிபெயர்க்க வந்த மாணவி முகத்தைக் கீழே போட்டாள். நான் கேட்க, "அது... ஜிப்சி மாதிரி. நல்ல சொல் இல்லை, அன்ரி" என்றாள்.

அன்றிரவு தேடி வாசித்தேன். அந்தச் சனம் தங்களை "டோம்" என்று சொல்லும். சிரியா, லெபனான், ஜோர்தான், துருக்கி, பாலஸ்தீனம் எங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுடைய டொமரி மொழி இந்தியாவிலிருந்து போன மொழி. தண்ணிக்குப் பானி, பத்துக்குத் தஸ், ஐந்துக்குப் பஞ்ச். காசியில் கங்கைக் கரையில் பிணம் எரிக்கிறவர்களையும் டோம் என்றுதான் சொல்லுவார்கள். இரண்டு பெயரும் ஒன்றே என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் சாதிப் பெயரைச் சுமந்துகொண்டு மேற்கே நடந்திருக்கிறான். மதம் மாறியது, நாடு மாறியது, பெயர் மட்டும் விடவில்லை. பஞ்ச் என்ற சொல்லைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பஞ்சமர். ஐந்தாமவர்.

அடுத்த முறை தலையணி உறை விளையாட்டு. உறைக்குள் ஏதாவது பொருளைப் போட்டு, இரண்டு பிள்ளையள் ஒரே நேரத்தில் கைவிட்டுத் தடவி, "சொஃப்ற், ஹார்ட், கோல்ட், வெற்" என்று சொல்ல வேண்டும். அவன் கைவிட்டான். சோடியாய் வந்த பெட்டை விட்ட கையை வெளியே இழுத்தாள். இழுத்து, பாவாடையில் துடைத்தாள்.

அந்தத் துடைப்பு எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பு வேண்டாம்.

எனக்கு எட்டு வயது, 1970. யாழ்ப்பாணத்தில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து பதின்மூன்று வருசம். 1930 இல் சம ஆசனம் கொடுக்கச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தின ஊர்கள் அது. என் காலத்தில் வாங்கில் இருந்தோம், கடைசி வாங்கு. கிணற்றடிக்கு மட்டும் போக ஏலாது. வாளியைத் தொடக்கூடாது. வேறு சாதிப் பிள்ளை அள்ளி ஊற்ற, கையைக் குவித்துக் கொண்டு நிற்க வேண்டும். அள்ளுகிற பிள்ளைக்குச் சிலநேரம் விளையாட்டு. கைக்கு மேலே ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றும். நாங்களும் சிரிப்போம், சிரிக்காமல் என்ன செய்கிறது, தாகம். கடைக்குப் போனால், "காசைத் திண்ணையில வை." கையில் வாங்கமாட்டார்கள். தவறிக் கைபட்டால் வேட்டியில் ஒரு துடைப்பு.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அன்று பின்னேரம் ஒரு தாய் மொழிபெயர்க்கிற பிள்ளையோடு வந்தா. மரியாதையான மனுசி, வீடு வாசல் எல்லாம் இழந்து வந்தவ. என் கையைப் பிடித்து நன்றி சொல்லி, பிறகு மெதுவாய்ச் சொன்னா: அந்தப் பிள்ளை கைவைக்கிற மாவில் தன் பிள்ளை கைவைக்க வேண்டாமாம். அவையள் சுத்தமில்லையாம், களவெடுப்பினமாம். நான் தலையாட்டினேன். பிரச்சினை வேண்டாம், விளையாட்டு நிற்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லி, அடுத்த நாள் அவனுக்கு மட்டும் தனியாய் ஒரு உருண்டை மா, தனியாய் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குச் சிரட்டை வைத்தவர்களும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள்: கடை நடக்க வேண்டுமே.

அவனுக்கு அது விளங்கவில்லை, அல்லது விளங்கியும் காட்டவில்லை. தனி உருண்டை கிடைத்த சந்தோசத்தில் ஒரு மூலையில் இருந்து எதையோ நுணுக்கமாய்ச் செய்தான். கிட்டப்போய்ப் பார்த்தால், பல்லு. வளைவாய் முரசு, அதில் வரிசையாய்ப் பல்லு, கடைவாய்ப் பல்லுக்குக் குழிகூட. தகப்பன் ஊர் ஊராய்ப் போய்ப் பல்லுக் கட்டிக் கொடுக்கிற தொழில் செய்தவர் என்று பிறகு அறிந்தேன். வட சிரியாவில் டோம் ஆண்கள் பலருக்கு அதுதான் பரம்பரைத் தொழிலாம், படிப்பில்லாத பல்வைத்தியர்கள். அவன் மாப்பல்லை வாயில் வைத்து என்னைப் பார்த்து இளித்தான், உப்பில் முகம் கோணியது. "ரூத்" என்றேன். முழு வரிசையையும் காட்டி, "ரீத்."

அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிய, பெரிய அலுமினியத் தாச்சி ஒன்றை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பத்துக் கோப்பை மா. எல்லாருக்கும் ஒரே தாச்சி, எல்லாரும் சுற்றியிருந்து ஒன்றாய்க் குழைக்க வேண்டும். மாணவியைக் கூப்பிட்டு, நான் சொல்வதை அப்படியே தாய்மாருக்குச் சொல்லச் சொன்னேன்: "இந்த அறையில ஒரு மாதான். கைவைக்க விருப்பமில்லாதவை வெளியில பாத்துக்கொண்டு நிக்கலாம். நான் சின்ன வயதில உந்தப் பிள்ளை மாதிரி இருந்தனான்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அவள் அதை மொழிபெயர்த்தாளோ தெரியாது, விட்டும் இருப்பாள்.

இரண்டு தாய்மார் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினாறு பிள்ளையில் ஐந்து போயிற்று. கையைத் துடைத்த பெட்டையும் போனாள். மூன்று முறை நான் வரும்போதும் அவளைக் காணவில்லை. நான் சண்டைக்குப் போகவில்லை, போயிருந்தால் நல்லதோ கெட்டதோ.

ஆனால் உள்ளே பல்லுத் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. எல்லாருக்கும் அவனுடைய பல்லு வேண்டும். கிழவன் பல்லு, பூனைப் பல்லு, முன்பல்லு விழுந்த தங்கச்சிப் பல்லு. அவன் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க அவனிடம் இங்கிலீஸ்தான் உண்டு: "ரோல். ஸ்மோல். பிரஸ். நோ, நோ, ஸ்லோ!" குர்திப் பிள்ளைக்கும் அரபிப் பிள்ளைக்கும் அவன்தான் ரீச்சர். நான் ஒரு மூலையில் இருந்து வெள்ளைச் சாயம் கரைத்தேன். நாலாம் முறை, தாய் வீட்டுக்காரரைச் சந்திக்கப் போன நேரத்தில், அந்தப் பெட்டை கதவடியில் வந்து நின்றாள், அவன் முந்தி நின்ற அதே இடத்தில். "ரீத்?" என்றாள். அவன் அவளை ஒரு நிமிடம் நிற்கவைத்துவிட்டுத்தான் மா கொடுத்தான். அது நியாயம்தானே. மற்ற நாலும் கடைசிவரை வரவில்லை.

நான் ஒன்றை எதிர்பார்த்தேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அவனிடமிருந்து அந்த மொழியில் இன்னும் சொற்கள் கேட்க வேண்டும், அவன் பெருமையாய்ச் சொல்ல வேண்டும் என்று. ஒரு நாள் தண்ணிப் போத்தலைக் காட்டி, "பானி?" என்று கண்ணைச் சிமிட்டினேன். அவன் சுற்றிவரப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, முகத்தை இறுக்கி, "நோ பானி. வோட்டர்" என்றான்.

எங்கட எழுத்தில் இங்கிலீஸ் பற்றி எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். சாவித்திரிபாய் புலே 1854 இல் வந்த தன் கவிதை நூலிலேயே இங்கிலீஸ் படிக்கச் சொன்னவ. அம்பேத்கர் உலகத்துக்குச் சொல்ல வேண்டியதை அந்த மொழியில் சொன்னார். இங்கிலீஸ் எங்களுக்கு விடுதலை என்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, எனக்குச் சோறு போட்டது அது. ஆனால் அந்தப் பெடியன் இரண்டு மாதத்தில் வேறொன்றையும் கண்டுபிடித்துவிட்டான். அது ஒளிக்கிறதுக்கும் நல்ல இடம். வோட்டர் என்று சொல்லுகிறவனின் சாதி ஆருக்கும் தெரியாது. இதை நான் அவனுக்குப் பழக்கினேனா, அவனாகவே எடுத்துக்கொண்டானா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை. நான் மட்டும் என்ன திறமோ?

எங்களோடு ரின்னுகளும் பெட்டிகளும் கொண்டுவருகிற ஒரு தமிழ் ஐயா இருந்தார். இளைப்பாறின கணக்காளர். சிரியச் சனத்துக்கென்று எங்கட ஆக்களிடம் காசு சேர்த்துக் கொடுத்தவர், நல்ல மனுசன், "நாங்களும் அகதியாத்தானே வந்தனாங்கள் பிள்ளை" என்று வாய்க்கு வாய் சொல்லுவார். முதல் நாளே கேட்டார், "ஊரில எவடம்?" ஊர்ப்பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, "அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ? ஆற்றை மகள்?" கனடாவில் இருக்கிற எங்கட சனத்துக்கு இந்த மூன்று கேள்வி போதும். நான் வழக்கம்போல, "ரவுண் பக்கம் ஐயா" என்றேன். இருபத்தேழு வருசமாய்ச் சொல்லுகிற பொய். ரவுண் என்றால் குழம்பிப்போய் விட்டுவிடுவார்கள். அந்தப் பெடியனின் கதையைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டார். "பாருங்கோவன், இவ்வளவு அழிவுக்குப் பிறகும் இதுகளுக்கு உந்தக் குணம் போகேல்லை. எங்கட ஆக்களிட்ட எண்டால் நாட்டை விட்டு வந்ததோட உதெல்லாம் போட்டுது." அவருடைய மகனுக்கு அந்தக் காலம் பெண் தேடிக்கொண்டிருந்தார், எங்கே தேடினார், எதைப் பார்த்துத் தேடினார் என்பது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில் பெடியனின் குடும்பத்துக்கு வேறு நகரத்தில் வீடு கிடைத்தது. பஸ் வந்து நின்றபோது தகப்பன் இறங்கிவந்து எனக்குக் கைதந்தார், என் வாயைப் பார்த்து, கடைவாயில் ஓட்டை இருக்கு என்று சைகையில் சொன்னார். சரியாய்த்தான் சொன்னார். பெடியன் யன்னலடியில் இருந்து பல்லைக் காட்டினான்.

அடுத்த கிழமை புதுக் குடும்பங்கள் வர இருந்தன. நானும் ஐயாவும் மண்டபத்தில் ரின்னுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கதைவழியில் அவர் திரும்பவும் தொடங்கினார், "நீங்கள் ரவுணில எவடம் எண்டனீங்கள்?"

"ரவுண் இல்லை ஐயா. பொய் சொன்னனான்" என்றேன். ஊரைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று சொன்னேன். அம்மா ஆற்றை ஆற்றை வீட்டுத் துணி வெளுத்தவ என்றும் சொன்னேன்.

அவர் "ஆ" என்றார். பிறகு ரின்னுகளை எண்ணினார், முதலே எண்ணின ரின்னுகள். தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன். "இப்பதான் பிள்ளை குடிச்சனான்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. ரின்னுகளை நானே தூக்கி வைத்தேன்.